மனப்பாடம் செய்த நோய்

டீச்சருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. வீட்டு முன்னறையில் டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவள். பிள்ளைகளின் கண் எந்தப் பக்கம் உருளுகிறது என்பதை வைத்தே யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். வயிற்று வலி என்று வருகிற பிள்ளையிடம், "எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, வேறு எதையோ பேசிக்கொண்டே கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பாள். பக்கம் மாறியிருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை தொலைந்தது. பெற்றவர்களுக்கு அவளைக் கண்டால் பயம், ஆனால் பிள்ளை தேற வேண்டுமென்றால் அவளைத் தவிர நாதியில்லை. தேறவே தேறாது என்று பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளைகளைக்கூட, எது வரும் எது வராது என்று கணித்து, பதிலை உருப்போட வைத்து, எப்படியோ கரையேற்றிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் இன்று மனநல மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூடிக் கிடந்த ஒரு கதவையே முறைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் ஒரே மகன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். புத்தி சரியாக இருக்கிறதா, இல்லையா என்கிற பரீட்சை. இதில் அவன் ஃபெயிலாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாளாக அவனைத் தயார் செய்திருந்தாள்.

நடந்தது இதுதான். பையனுக்குப் பதினேழு வயது. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பையன். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தவன், தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் கடைக்குப் போய், அவருடைய சுத்தியலையே எடுத்து அவர் மண்டையில் அடித்துவிட்டான். பூட்டுக்காரர் பிழைத்துக்கொண்டது அவர் செய்த புண்ணியம். "எங்கேன்னு சொல்லு, எங்கேன்னு சொல்லுன்னு கேட்டுக்கிட்டே அடிச்சான்" என்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வாக்குமூலம் கொடுத்தார். கல்லாப்பெட்டியைத்தான் கேட்டிருக்கிறான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. கொள்ளை, கொலை முயற்சி. நீதிபதி பையனை ஜாமீனில் அம்மாவோடு அனுப்பிவிட்டு, மனநல மருத்துவர் பரிசோதித்து அறிக்கை தரட்டும் என்றார். மனம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அறிக்கை வந்தால் வழக்கு பெரியவர்களுக்கான கோர்ட்டுக்குப் போகும், வாலிபமெல்லாம் ஜெயிலில் கழியும். நோய் என்று வந்தால் சிறையில்லை, சிகிச்சை.

வக்கீல் இதை விளக்கிவிட்டு, மேஜைமேல் இல்லாத தூசியைத் தட்டினார்.

"டாக்டர் பாக்கப் போறாங்க டீச்சர். பையனுக்கு ஏதாவது இருந்தா நல்லது. அவ்வளவுதான் நான் சொல்லலாம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல, நீங்களும் எதுவும் கேக்கல."

பெற்ற வயிறு பற்றி எரிகிறவளிடம் பிள்ளைக்கு வியாதி இருந்தால் நல்லது என்று சொல்கிற மனுஷன்! ஆனால் டீச்சர் சூட்டிகையானவள். பாடத்திட்டம் கையில் வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து டியூஷன் பிள்ளைகள் போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு மகனை எதிரே உட்கார வைப்பாள். எழுத்தில் எதையும் வைக்கவில்லை, எல்லாம் வாய்ப்பாடம்.

"குரல் எப்ப கேக்கும்?"

"சாயங்காலத்துல கேக்கும்."

"யாரு குரல்?"

"ஒரு ஆம்பளை குரல்."

"என்ன சொல்லும்?"

"திட்டும். அவனை அடி, அவனை அடின்னு சொல்லும்."

"இப்படி மளமளன்னு ஒப்பிக்காதடா. தயங்கித் தயங்கிச் சொல்லு. நடுவுல கொஞ்சம் செவுத்தைப் பாரு. ம், இன்னொரு தடவை."

அவன் தயங்கினான், சுவரைப் பார்த்தான், சொன்னான். படிப்பில்கூட அவன் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்லை. அவள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லும் கடைசிப் புத்திமதியை அவனுக்கும் சொன்னாள்: "ஒரு கேள்வியையும் விட்டுட்டு வராதே. தெரியாத கேள்வின்னாலும் ஏதாவது சொல்லிட்டு வா. ஆமாவா இல்லையான்னு கேட்டா ஆமான்னே சொல்லிடு."

உண்மையில் எதற்கு அடித்தான் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் அவளை நிதானமாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதா?" என்றான். குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தாள். அப்பா இல்லாத பிள்ளையைக் கண்டித்துக் கண்டித்தே வளர்த்தவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மற்றபடி பையன் போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு வந்ததில் ரொம்பவே மாறியிருந்தான். நீ, வா, போ என்று பேசுகிறவன் மரியாதையாகப் பேசினான். சாப்பிட உட்கார்ந்தால், "நீங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க" என்பான். சில நேரம் பழைய கதையெல்லாம் கேட்பான். சின்ன வயதில் நான் எதற்கு ரொம்ப அழுதேன், என் முதல் செருப்பு என்ன நிறம், இப்படி. டீச்சருக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். செருப்பு நீலம் என்று சொன்னாள். அவன் எழுந்து போய்விட்டான்.

"பாத்தியா, அடி உதவுற மாதிரி எதுவும் உதவாது. மரியாதை தானா வந்திருச்சு" என்றாள் அவளுடைய அக்கா. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டவள் என்ற உரிமையில் தினமும் வந்து எதையாவது சொல்லிவிட்டுப் போகிறவள். "ஆனா ஒண்ணுடி. ராத்திரி ரூம் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துட்டுத் தூங்குறானாமே, அது எதுக்கு?"

"பயந்திருக்கான் அக்கா. போலீஸ் வருமோன்னு பயம்."

எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் இதை மட்டும் சந்தேகப்படவில்லை. தன் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

இப்போது தாழ்வாரத்தில் அவளுக்குச் சந்தேகம் வராத பொருளே கிடையாது. எதிர் நாற்காலியில் பேப்பர் படிக்கிற ஆள் ஏன் பக்கத்தைத் திருப்பவே இல்லை? "தண்ணி வேணுமாம்மா?" என்று இத்தனை பாசமாகக் கேட்கிற உதவியாளர் யாருடைய ஆள்? உள்ளே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி இருந்ததே, அதற்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருப்பார்களோ? எல்லாவற்றுக்கும் மேல் அந்த டாக்டரம்மா. காலையில் முதலில் இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே உட்கார வைத்து விசாரித்தவள். நரைத்த தலை, தாழ்ந்த குரல். ஒரு கேள்வி கேட்பாள், பதில் வந்தபிறகும் சும்மாவே இருப்பாள். அந்தச் சும்மா இருக்கிற வித்தை டீச்சருக்கும் தெரியும். பொய் சொன்ன பிள்ளை அந்த அமைதி தாங்காமல் இன்னும் நாலு பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்.

கதவு திறந்தது. பையன் வெளியே வந்து சுவரோரம் நின்றான். "நீங்க கொஞ்சம் உள்ள வாங்கம்மா" என்றாள் டாக்டர்.

டீச்சர் உள்ளே போய் உட்கார்ந்தாள். டாக்டர் தன் குறிப்பை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு, "உங்க பையன் நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கான்" என்றாள்.

டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "புரியலீங்க."

"குரல் கேக்கும்போது நகமெல்லாம் குளிருமான்னு கேட்டேன். ஆமான்னான். வெள்ளைச் சட்டை போட்டவங்க பேசினா மட்டும் காதுக்குள்ள உப்புக் கரிக்குமான்னு கேட்டேன். அதுக்கும் ஆமா. செவுத்தைப் பாத்துக்கிட்டே சொல்றான்."

"அவன் படுற அவஸ்தை அப்படி டாக்டர்..."

"அப்படி ஒரு அவஸ்தை உலகத்துலயே கிடையாதும்மா. அது நாங்களா இட்டுக்கட்டின கேள்வி. நெஜமா நோய் இருக்கறவங்ககிட்ட இதைக் கேட்டா, எங்களைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க."

வயிற்று வலி எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை கேட்கிறவள், தன்னைவிடப் பெரிய கைகாரியிடம் மாட்டிக்கொண்டாள்.

"யாரு சொல்லிக்கொடுத்தாங்கன்னு நான் கேக்கப் போறதில்லை. இன்னொரு தடவை அவனைப் பாக்கணும். அன்னைக்கும் இதே கதைன்னா, நடிக்கிறான், மனசு தெளிவா இருக்குன்னுதான் நான் கோர்ட்டுக்கு எழுத முடியும்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மகன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்த டீச்சருக்கு, சொன்னால் சிரிப்பார்கள், முதலில் சந்தோஷம்தான் வந்தது. படித்த டாக்டரே சொல்லிவிட்டாள், என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷம் இரண்டு நிறுத்தம்கூட நிற்கவில்லை. ஒன்றுமில்லாத பிள்ளைக்கு ஜெயில். அப்புறம் வழக்கம்போல எல்லாம் கோபமாக மாறிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் வெடித்தாள். "நகம் குளிருதுன்னு சொன்னியாமே! காதுல உப்பாமே! நான் சொல்லிக்கொடுத்தேனாடா அதெல்லாம்?"

"கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லச் சொன்னீங்க" என்றான் அவன். "சொன்னேன்."

"புத்தி வேணாம்? எதுக்குச் சொல்றோம்னு யோசிக்க வேணாம்?"

"நீங்க சொன்னது எதையாவது நான் செய்யாம விட்டேனா?" அவன் குரல் உயரவே இல்லை. கதவுக்கும் அவளுக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சாப்பிடச் சொன்னீங்க, சாப்பிட்டேன். பொய் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். எல்லாம் செஞ்சாச்சு. இப்பவாவது சொல்லுங்க. எங்கம்மாவை எங்க வச்சிருக்கீங்க?"

டீச்சர் கோபத்திலேயே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்க்கவில்லை அவன். தயங்கவும் இல்லை.

"என்னடா சொல்றே? நான்தாண்டா உங்கம்மா."

"நல்லாத்தான் செய்றீங்க. குரல், புடவை, எல்லாம் சரியா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க யாருக்கும் தெரியல. பெரியம்மாவுக்கே தெரியலையே." பாராட்டுகிற மாதிரி தலையாட்டினான். "எங்கம்மா உசிரோட இருந்தா போதும். சொன்னபடி எல்லாம் கேட்டா விட்டுருவீங்கன்னு நெனைச்சேன். அதான் கேட்டேன்."

கொஞ்சம் கொஞ்சமாக அவனே சொன்னான். மழை பெய்த ஒரு நாள் அவள் சாவியைத் தொலைத்துவிட்டாள். அவன் காய்ச்சலில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான், மணி அடித்தது காதில் விழவில்லை. பூட்டுக்காரரைக் கூட்டிவந்து கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. அவன் கண் விழித்தபோது கட்டிலருகே நனைந்துபோய் ஒருத்தி நின்றாள், வாசலில் அந்த ஆள் நின்றான். அந்த ஆள்தான் இவளை உள்ளே விட்டவன். அப்படியென்றால் அம்மா எங்கே என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் போய்க் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டானாம். அந்த ஆள் சிரித்தானாம்.

இத்தனை நாளும் அவள் அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அவனும் சும்மா இருக்கவில்லை. விஷம் இருக்குமோ என்று முதல் வாய் சோற்றை அவளையே தின்னச் சொல்லிப் பார்த்திருக்கிறான், செருப்பு நிறம் கேட்டிருக்கிறான். அவன் வைத்த பரீட்சையில் அவள் எப்போதோ ஃபெயிலாகிவிட்டிருந்தாள்.

"உங்களை அடிக்க மாட்டேன்" என்றான் மகன், அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல. "அடிச்சா எங்கம்மாவை ஏதாவது பண்ணிருவீங்க."

அன்று வந்த டியூஷன் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, சமையலறையில் நின்று டீச்சர் அழுதாள். வாய்விட்டு அழ முடியவில்லை. அழுகைச் சத்தம் கேட்டால் அதையும் நடிப்பு என்று அவன் நினைப்பானே என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வக்கீலிடம் ஓடி, குரல் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதுகொடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! டீச்சர், டீச்சர்! இதை ஏன் முன்னாடியே சொல்லல? பூட்டு, சாவி, அம்மா மாறிட்டாங்க... எல்லாம் என்னமா பொருந்துது! அந்தக் குரல் கதையைவிட இது ஆயிரம் மடங்கு மேல். எங்க புடிச்சீங்க?"

"நான் எங்கயும் புடிக்கல சார். இது நெஜம்."

"அப்படித்தான் சொல்லணும்" என்று கண்ணைச் சிமிட்டினார். "இதே மூஞ்சியோட டாக்டர்கிட்டயும் சொல்லுங்க."

டீச்சருக்கு அந்த மனுஷனைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. முதலில் பொய்யை டாக்டர் முன்னால் கொண்டுபோய் வைத்தவளே அவள்தானே.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனதும், மகனைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் தனியாக உள்ளே போனாள். குரல் கதை தான் சொல்லிக்கொடுத்தது என்று முதலில் ஒப்புக்கொண்டாள். பிறகு வீட்டில் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டு வழக்கம்போலச் சும்மா இருந்தாள். டீச்சரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் அதில் கைதேர்ந்தவர்கள், கடைசியில் டாக்டர்தான் பேசினாள்.

"போன தடவை நடிப்புன்னு கண்டுபிடிச்சிட்டேன். இந்தத் தடவை புதுசா ஒண்ணோட வர்றீங்க. இதை வக்கீல் சொன்னாரா?"

"இல்லைங்க."

"ஒரு தடவை பொய் சொல்லிக்கொடுத்தவங்க ரெண்டாவது தடவை உண்மை சொல்றாங்கன்னு நான் எதை வச்சு நம்பறது?"

எத்தனை பிள்ளைகளிடம் இதே கேள்வியை இதே தொனியில் கேட்டிருக்கிறாள் டீச்சர்! ஒரு பிள்ளைகூடப் பதில் சொன்னதில்லை. பதில் கிடையாது என்பதால்தானே கேட்பது. "நம்ப வேணாம்மா" என்றாள். "அவனைக் கேளுங்க. என்னைப் பத்திக் கேளுங்க."

டாக்டர் யோசித்தாள். "நீங்களும் இங்கயே இருங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சைகை பண்ணினாலும் வெளியே அனுப்பிடுவேன்."

பையன் உள்ளே வந்தான். அம்மா ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"குரல் இன்னும் கேக்குதா தம்பி?"

"சாயங்காலத்துல... கேக்கும். ஒரு... ஆம்பளை குரல்." சுவரைப் பார்த்தான்.

"சரி, அது இருக்கட்டும். இங்க உக்காந்திருக்காங்களே, இவங்க யாரு?"

பையன் திரும்பி அவளைப் பார்த்தான். கொஞ்சம் தயங்கினான். பிறகு முகத்தை எடுத்து, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கம்மா."

அந்தச் சொல்லுக்காக எத்தனை ராத்திரி தவம் கிடந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் சரியாகிவிட்டது, பிள்ளை தெளிந்துவிட்டான் என்று அவள் நெஞ்சு எம்பிக் குதித்தது. அதே வேகத்தில் விழுந்தது. உருப்போட்ட பதிலுக்கும் உள்ளே இருந்து வருகிற பதிலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? அவள் சொல்லிக்கொடுத்த அதே தயக்கம், அதே சுவர். அவள் பக்கத்தில் இருக்கும்போது அவன் வேறெதுவும் சொல்ல மாட்டான். சொன்னால் எங்கேயோ அடைத்து வைக்கப்பட்டிருக்கிற அம்மாவின் உயிருக்கு ஆபத்து.

"உங்கம்மாதானா? நல்லாத் தெரியுமா?"

"எங்கம்மாதான்."

டாக்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, வேலை முடிந்த பார்வை. பேனாவை எடுத்தாள். அந்தப் பேனா எழுதப் போவது என்ன என்று டீச்சருக்குத் தெரியும். அப்புறம் யார் காலில் விழுந்தாலும் அழியாது.

நான்தாண்டா உன் அம்மா, உண்மையைச் சொல்லுடா என்று கத்தலாம். கத்தினால் அவன் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வான். அவன் வாயைத் திறக்க வைக்க ஒரே ஒருத்தியால்தான் முடியும். அவன் யாருக்குப் பயந்துகொண்டிருக்கிறானோ, அவளால்.

டீச்சர் எழுந்தாள்.

"பாடமெல்லாம் முடிஞ்சிருச்சு" என்றாள் மகனிடம். "இனிமே நீ பொய் சொல்ல வேணாம். டாக்டர்கிட்ட உண்மையை எல்லாம் சொல்லிடு. சொன்னா உங்கம்மாவை விட்டுடறேன்."

"அம்மா! பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல!" என்று டாக்டர் அதட்டினாள். அதட்டியவள் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவன் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "நெஜமாவா?"

"நெஜமா."

"உசிரோடதான இருக்காங்க?"

"இருக்காங்க. நல்லா இருக்காங்க. உன்னையே நெனைச்சுக்கிட்டு இருக்காங்க." சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பதினேழு வயசுப் பையன், மீசை அரும்பியவன், முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னக் குழந்தைபோல விக்கி விக்கி அழுதான். மழை நாள், பூட்டுக்காரர், நனைந்த புடவை, எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டினான். கதவுக்கு நாற்காலி எதற்கு, முதல் வாய் எதற்கு என்று சொன்னான். வாக்கியங்கள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. சுவர் பக்கமே திரும்பவில்லை. நடுவில் டாக்டர் மெதுவாக, "இதையெல்லாம் நினைக்கும்போது நகம் குளிருமா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் அழுகையை நிறுத்தி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நகமா? நகம் எதுக்கு டாக்டர் குளிரும்?"

டாக்டர் தலையாட்டினாள். "இவங்க உங்கம்மா இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"செருப்பு நீலம்னாங்க. எங்கம்மா பச்சைன்னு சொல்லியிருப்பா. ஆனா அதைக்கூட மறந்திருக்கலாம்னு விட்டுட்டேன். இப்ப இந்தப் பாடம் நடத்தினாங்களே, அதுலதான் சந்தேகமே இல்லாம தெரிஞ்சுபோச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருமையாகச் சொன்னான். "எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது டாக்டர். ஒரு தடவை பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினேன்னு, சொந்தப் புள்ளைன்னுகூடப் பாக்காம எல்லார் முன்னாடியும் வெளியில நிக்க வச்சா. நான் ஜெயிலுக்கே போனாலும் எங்கம்மா எனக்குப் பொய் சொல்லிக்கொடுக்க மாட்டா."

டீச்சருக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அம்மாவை அவளுக்கும் தெரியும். அந்த அம்மா எங்கே போனாள் என்று அவளும்தான் தேட வேண்டியிருந்தது.

டாக்டர் எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்: இன்றைக்கே வார்டில் சேர்த்துவிட வேண்டும், வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. இது சிகிச்சைக்குக் கட்டுப்படுகிற நோய்தான், ஆனால் நாளாகும். கோர்ட்டுக்கு வேண்டியதை டாக்டரே எழுதிக்கொள்வாள். "ஜெயில் இருக்காதும்மா" என்றாள். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வார்டுக்குப் போகிற வழியில் உதவியாளர் பையனின் தோளில் கைவைத்து நடத்திக்கொண்டு போனார். டீச்சர் நாலடி தள்ளியே போனாள். கம்பிக் கதவு வந்ததும் பையன் நின்று திரும்பினான். அழுது முடித்த முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவளைப் பயமில்லாமல் பார்த்தான்.

"விட்டுருவீங்கல்ல?"

"விட்டுடறேன்."

"சாயங்காலம் பாக்க வருவாங்களா?"

பார்வையாளர் நேரம் எப்போது என்று அவள் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். வாசலில் பெயர் எழுதிக்கொடுத்தால் உள்ளே விடுவார்கள், அம்மாக்களுக்கு ஒரு தடையும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

"வருவாங்க" என்றாள்.

"நீங்க வரக் கூடாது. அவங்க மட்டும்தான் வரணும்."

"சரிப்பா. நான் வரமாட்டேன்."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். உதவியாளர் கம்பிக் கதவைச் சாத்தினார்.